குழாய்க்குத் தலைப்பாகை: ஒரு சவரக் கத்தியோடு ஏழு மாதம்

ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை சோர் பஜார் நடைபாதையில் அதைப் பார்த்தேன். கண்ணாடி உடைந்த கேமராவுக்கும் பித்தளைத் தாழ்ப்பாள்களுக்கும் நடுவே ஒரு பழைய மடக்குச் சவரக் கத்தி. சின்ன வயதில் ஊர் சலூனில் பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தபோது, சலூன்காரர் தோல்வாரில் சரக் சரக்கென்று தீட்டுவாரே, அதே உருவம். கடைக்காரர் 700 என்றார். 400க்குப் படிந்தது. தாராவிக்குப் பக்கத்தில் சயானில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அதைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தேன். அன்றைக்கு நான் போட்ட கணக்கு எளிமையானது: துருவை எடுக்க வேண்டும், கூர் போட வேண்டும், சவரம் செய்ய வேண்டும். இரண்டு வாரத்தில் முடிந்துவிடும்.

ஏழு மாதம் ஆகிவிட்டது. முதல் மூன்று மாதம் நான் சரிசெய்துகொண்டிருந்தது கத்தியை. அப்புறம்தான் சரிசெய்ய வேண்டியது என் கையை என்று தெரிந்தது.

கத்தியின் வாலில் சோலிங்கன் என்று பொறித்திருந்தது. ஜெர்மனியில் கத்திக்குப் பேர்போன ஊர். நமக்குக் காஞ்சிபுரம் பட்டு எப்படியோ அப்படி. 1938லேயே அந்த ஊர்ப் பெயரைக் காப்பாற்றச் சட்டம் போட்டார்கள். வெளியூரில் செய்த கத்தியில் அதைப் பொறிக்கக் கூடாது. ஆனால் நடைபாதையில் கிடக்கும் கத்தியைப் பெயரை நம்பி வாங்க முடியாது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்து வாயை, அதாவது வெட்டும் ஓரத்தைப் பார்த்தேன். கத்தியின் வாயிலிருந்து முதுகு நோக்கி ஓடும் மெல்லிய விரிசல் இருந்தால் அது பழைய இரும்புக் கடைக்குத்தான் போக வேண்டும், எந்தச் சாணையும் அதைக் காப்பாற்றாது. இதில் விரிசல் இல்லை. நுனிப் பக்கம் அரை மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒரு பொக்கை. பிறகு கைப்பிடிக்குள் மடங்கி இருக்கும் பகுதியில் மட்டும் துரு, கரப்பான் கடித்த காகிதம் மாதிரி.

அங்கே மட்டும் ஏன் துரு என்று யோசித்தபோதுதான் கைப்பிடியைக் கவனித்தேன். மஞ்சள் பாய்ந்து, ஓரத்தில் பொரிந்திருந்தது. விரலால் அழுத்தித் தேய்த்தால் லேசாகக் கற்பூர வாடை. செல்லுலாய்டு. நைட்ரோசெல்லுலோஸையும் கற்பூரத்தையும் சேர்த்துச் செய்த பழைய காலத்துப் பிளாஸ்டிக் அது. வயதாகும்போது தானாகவே சிதைந்து நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்களைக் கக்கும். காற்றின் ஈரத்தோடு சேர்ந்து அது அமிலமாகும். அதாவது கத்தியைப் பத்திரமாக மூடி வைத்த உறையே அதை அரித்துக்கொண்டிருந்தது. பழைய கத்தி வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். அழகாக இருக்கிறதே என்று அந்தக் கைப்பிடியை விட்டுவைத்தால், பக்கத்தில் வைக்கும் நல்ல கத்தியும் துரு பிடிக்கும்.

கைப்பிடி மாற்றிய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தெரிந்த தச்சரிடம் மிஞ்சிய சீசம் பலகைத் துண்டு, 3 மில்லிமீட்டர் கனத்துக்கு இழைத்தது. நாக்தேவித் தெருவில் 1.6 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பியும் குட்டி வாஷர்களும். கம்பியை ஓட்டையில் விட்டு, இரண்டு பக்கமும் சின்ன சுத்தியலால் தட்டித் தட்டிக் காளான் தலை மாதிரி விரிய வைக்க வேண்டும். முதல் தடவை வேகமாகத் தட்டினதில் கம்பி வளைந்து, கத்தி மூடும்போது ஒரு பக்கப் பலகையை உரசியது. கம்பியை அறுத்துவிட்டு மறுபடி. நாலு பலமான அடியைவிட நூறு மெல்லிய தட்டு மேல். துருவை 600, 1000, 2000 எண் வாட்டர் பேப்பரால் எடுத்தேன். வாயின் மேல் தடித்த டேப் ஒட்டிவிட்டுத்தான் தொட்டேன். குழிகள் சில இன்னும் இருக்கின்றன. வாயைத் தொடாத குழியால் சவரத்துக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

சாணைக்கு வருவோம். எங்கள் தெருவில் சைக்கிளில் சாணைச் சக்கரம் கட்டிக்கொண்டு ஒருவர் வருவார். அரிவாள்மனைக்கும் கத்தரிக்கோலுக்கும் அவரை விட்டால் ஆளில்லை. சவரக் கத்தியை மட்டும் சக்கரத்தில் கொடுக்கக் கூடாது. இதன் வாய்ப்பக்கம் காகிதத்தைவிட மெல்லியது. இரண்டு பக்கமும் குழிவாகக் கடைந்தது. சுற்றும் சக்கரத்தில் ஒரு நொடியில் சூடேறி நீலம் பாய்ந்துவிடும். நீலம் பாய்ந்த இடத்தில் எஃகு பதம் இழந்துவிட்டது என்று பொருள். பொறி பறந்தால் பார்க்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

கையால் தீட்ட வேண்டும். இதில் பழைய ஆட்களின் புத்திசாலித்தனம் ஒன்று இருக்கிறது. சமையல் கத்தியைத் தீட்டும்போது எத்தனை டிகிரியில் சாய்ப்பது என்று கை தடுமாறும். சவரக் கத்தியில் அந்தக் கவலையே இல்லை. முதுகையும் வாயையும் ஒன்றாகக் கல்லில் படுக்க வைத்தால் போதும். முதுகின் கனமே கோணத்தைத் தீர்மானிக்கிறது. வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்தேன்: என் கத்தியின் முதுகு 4.4 மில்லிமீட்டர், முதுகிலிருந்து வாய் வரை அகலம் 15.6. கணக்குப் போட்டால் வாயில் இரண்டு பக்கச் சாய்வும் சேர்ந்து 16 டிகிரி சொச்சம். முதுகு தேயாமல் இருக்க எலக்ட்ரிக்கல் டேப் ஒரு சுற்று ஒட்டினால் ஒரு டிகிரி கூடும். எத்தனை முறை தீட்டினாலும் முதுகும் வாயும் சேர்ந்தே தேய்வதால் கோணம் பெரிதாக மாறாது. எஃகுக்குள்ளேயே வாத்தியாரை உட்கார வைத்திருக்கிறார்கள்.

இந்த வசதிதான் என்னைக் கெடுத்தது என்று பின்னால் தெரிந்தது.

1000, 5000, 8000, 12000 என்று நாலு கல், எண் கூடக் கூடக் கல் நயமாக இருக்கும். கத்தி 400 ரூபாய், கல்லுக்கு ஆன செலவை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. முதலில் கல்லைச் சமப்படுத்த வேண்டும். கல்லின் முகத்தில் பென்சிலால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, கண்ணாடித் தகட்டின் மேல் ஒட்டிய வாட்டர் பேப்பரில் தேய்த்தால், பள்ளமான இடத்தில் மட்டும் கோடு அழியாமல் நிற்கும். எல்லாக் கோடும் அழியும்வரை தேய்க்க வேண்டும். புதுக் கல்லுக்கும் இது உண்டு, நான் நம்பாமல் ஒரு முழு மாலையை வீணாக்கினேன்.

1000 எண் கல்லில்தான் உண்மையான வேலை. வாயின் ஓரத்தில் மார்க்கர் பேனாவால் கறுப்பு பூசிவிட்டு நாலு இழுப்பு இழுத்துப் பார்த்தால், கல் எங்கே படுகிறது, எங்கே படவில்லை என்பது தெரிந்துவிடும். என் கத்தியில் அடிப் பக்கம் கறுப்பு அப்படியே இருந்தது. முந்தைய சொந்தக்காரர் நுனியை மட்டும் அழுத்தித் தீட்டியிருக்கிறார். கல்லின் மேல் கத்தி நேராகப் போகாமல் அடியிலிருந்து நுனிக்குக் குறுக்கே வழுக்கிப் போக வேண்டும். அப்போதுதான் வாய் முழுக்கக் கல் படும். போகிற திசையும் முக்கியம். தோசைக்கல்லில் ஒட்டின தோசைக்கு அடியில் திருப்பி போகிற மாதிரி, கல்லில் வாய் முன்னால் போக வேண்டும். தோல்வாரில் நேர் எதிர்: முதுகு முன்னால், வாய் பின்னால், ரொட்டியில் வெண்ணெய் தடவுகிற மாதிரி. இதை மாற்றிச் செய்தால் வார் வெட்டுப்படும். என்னுடையதில் மூன்று வெட்டு இருக்கிறது.

பொக்கை மறைய மூன்று மாலை ஆனது. அதற்குப் பிறகு 5000, 8000, 12000 எல்லாம் சேர்த்து முக்கால் மணி நேரம். மேலே போகப் போக அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசிக் கல்லில் கத்தியின் எடை மட்டும் போதும் என்று விட வேண்டும். அம்மாவின் சீப்பிலிருந்து ஒரு முடியை எடுத்து வாயின் மேல் தொங்கவிட்டேன். சத்தமில்லாமல் இரண்டு துண்டாக விழுந்தது. அந்த இரவு நான் தூங்கியிருப்பேன் என்று நினைக்கிறீர்களா?

வார் வாங்கத் தாராவிக்கு நடந்தே போனேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர்கள் வளர்த்த தொழில் அது. இப்போது பதனிடுவது அங்கே ஏறக்குறைய இல்லை. வெட்டுவதும் தைப்பதும் விற்பதும்தான். 2015ல் மகாராஷ்டிரத்தில் காளை, எருது வெட்டவும் தடை வந்தபிறகு எருமைத் தோலுக்குத்தான் மவுசு. எனக்கு வேண்டியதும் அதுதான். 75 மில்லிமீட்டர் அகலம், 60 சென்டிமீட்டர் நீளம், மரப்பட்டைச் சாறில் பதப்படுத்தியது. குரோமில் பதப்படுத்திய தோல் மெத்தென்று இழுபடும், பைக்கு நல்லது, வாருக்கு ஆகாது. பின்பக்கம் அதே அளவில் கித்தான் துணி வைத்து, மேலே வளையம் போட்டுத் தைத்துக் கொடுத்தார்கள். எதற்கு என்று கேட்ட பையனிடம் சொன்னபோது, "யூடியூப்பா?" என்றான். இல்லை என்று சொன்னதை நம்பவில்லை.

பிப்ரவரி கடைசியில் முதல் சவரம். வலது கன்னம் மட்டும். சவரம் என்று அதைச் சொல்லக் கூடாது. முடியை ஒவ்வொன்றாகப் பிடுங்குகிற மாதிரி இருந்தது. காதுக்குக் கீழே ஒரு கோடு, தாடை எலும்பின் மேல் இரண்டு புள்ளி, கன்னம் முழுக்க மிளகாய் அரைத்த கை பட்ட எரிச்சல். கூர் போதவில்லை என்று முடிவு செய்து மறுபடி 8000, 12000. மறுபடி சவரம். மறுபடி பிடுங்கல். இப்படி ஐந்து தடவை தீட்டியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் கல்லிலிருந்து எடுத்ததும் முடியை வெட்டுகிறது, முகத்தில் வைத்தால் இழுக்கிறது. கல்லை மாற்றலாமா என்று விலை பார்க்கவும் ஆரம்பித்துவிட்டேன்.

தவறில் பாதி வாரில் இருந்தது. ஜவேரி பஜாரில் நகைக்காரர்கள் கண்ணில் மாட்டிக்கொள்ளும் லென்ஸ் ஒன்று வாங்கிப் பார்த்தபோது பிடிபட்டது. கல்லிலிருந்து எடுத்த வாய் ஒரே கறுப்புக் கோடு. வாரில் தீட்டியபிறகு அந்தக் கோட்டில் அங்கங்கே வெளிச்சம் மின்னியது. மின்னினால் அந்த இடம் மழுங்கிவிட்டது என்று பொருள். கூரான வாயில் வெளிச்சம் பட்டுத் திரும்ப இடமே இருக்காது. சலூன்காரரைப் பார்த்து நான் கற்றுக்கொண்டது அந்த சரக் சரக் வேகம் மட்டும். வாரைத் தொய்வாகப் பிடித்தேன். தொய்ந்த வார் வாயைச் சுற்றி வளைந்து ஏறி, கூரை உருட்டிவிடும். திருப்பும் இடத்திலும் பிழை: கத்தியை முதுகின் மேல் புரட்ட வேண்டும், முதுகு தோலை விட்டு எழவே கூடாது. நான் அவசரத்தில் வாயின் மேல் புரட்டிக்கொண்டிருந்தேன். கல்லில் மூன்று மாலை உட்கார்ந்து எடுத்த கூரை வாரில் பத்து நொடியில் தொலைத்துவிடலாம், நம்புங்கள்.

வாரை ஜன்னல் கம்பியில் மாட்டி விறைப்பாக இழுத்துப் பிடித்து, மெதுவாக, கித்தானில் 20, தோலில் 50. ஒரு வாரம் சவரமே செய்யாமல் இதை மட்டும் பழகினேன். லென்ஸில் மின்னல் நின்றது. முகத்தில் பிடுங்கல் குறைந்தது. ஆனால் போகவில்லை. எரிச்சல் அப்படியே இருந்தது.

அப்போதுதான் அண்ணாச்சியிடம் போனேன். தாராவிக்குள் சலூன் வைத்திருக்கிறார். தென்காசிப் பக்கம். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். செவ்வாய்க்கிழமை மதியமாகப் பார்த்துப் போனேன், அன்றைக்கு நம் ஆட்கள் முடி வெட்ட மாட்டார்கள், கடை காலியாக இருக்கும். கத்தியைக் கொடுத்தேன். கைப்பிடியைத் தடவிப் பார்த்தார். முழங்கையில் நாலு முடியை வழித்துப் பார்த்தார். "கத்திக்கு ஒரு கொறையும் இல்ல தம்பி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நீங்களே ஒருமுறை இதில் எனக்குச் சவரம் செய்து காட்டுங்கள் என்று கேட்டேன். மாட்டேன் என்றார். அவர் இந்த மாதிரிக் கத்தியைக் கீழே வைத்துப் பல வருடம் ஆகிறது. எய்ட்ஸ் பயம் பரவிய காலத்துக்குப் பிறகு எல்லாரும் பிளேடு மாட்டும் கத்திக்கு மாறிவிட்டார்கள். இரட்டை வாய்ப் பிளேடை உறையோடு பாதியாக ஒடித்து, ஆளுக்கு ஒரு பாதி. மஞ்சள் காமாலையில் ஒரு வகையும் இப்படித்தான் ரத்தத்தில் பரவும் என்பதால் அது சரியான வழக்கம்தான். என் கத்தி என் முகத்துக்கு மட்டும்தான் என்று அவரும் சொன்னார். "உக்காருங்க. நீங்களே பண்ணுங்க, நான் பாக்கேன்" என்று நாற்காலியைத் தட்டினார்.

பெரிய கண்ணாடி, நல்ல வெளிச்சம், பின்னால் ஒரு நிபுணர். கை நடுங்கியது. கன்னத்தில் இரண்டு இழுப்பு இழுத்ததும் நிறுத்தச் சொன்னார்.

"இடது கை எங்க இருக்கு?"

என் இடது கை மடியில் இருந்தது.

"கத்தி புடிக்கித கையையே பாத்துக்கிட்டு இருக்கீங்க. அதுக்கு வேலை கொஞ்சந்தான். தோலைப் புடிக்கித கைதான் தம்பி சவரம் பண்ணுது."

என் இடது கையைப் பிடித்துத் தூக்கி, காதுக்கு முன்னால் கிருதா ஓரத்தில் விரல்களை வைத்து, தோலை மேல்நோக்கி இழுத்தார். கன்னம் தப்பட்டை மாதிரி விறைத்தது. "இப்ப இழுங்க." இழுத்தேன். ஒரு சத்தம் கேட்டது. அதுவரை நான் கேட்டிராத, காய்ந்த ஓலையில் நகம் உரசுகிற மாதிரி மெல்லிய சத்தம். பிடுங்கல் இல்லை. எரிச்சல் இல்லை. அதே கத்தி, அதே கூர்.

தொய்ந்த தோலில் கத்தி போகும்போது தோல் ஒரு சின்ன அலையாக எழும்பி வாய்க்கு முன்னால் நிற்கிறது. வெட்டு விழுவது அந்த அலையில்தான். முடியும் சாய்ந்து விலகிக்கொள்கிறது, வாய் அதை வெட்டாமல் தள்ளுகிறது. தோலை விறைப்பாகப் பிடித்தால் முடி நட்டுக்கொண்டு நிற்கும். இது தெரிந்தபிறகு யோசித்தால் அரிசி மூட்டைச் சணலை அறுப்பதற்குக்கூட ஒரு கையால் இழுத்துப் பிடிக்கிறோம். முகத்துக்கு மட்டும் எனக்கு ஏன் தோன்றவில்லை?

நுரை பட்ட ஈரத் தோல் வழுக்குமே என்றேன். அவர் படிகாரக் கல்லை நனைத்து என் இடது கை விரல் நுனிகளில் தேய்த்துவிட்டார். பசை போட்டது மாதிரி ஒட்டிக்கொண்டது. சவரம் முடிந்தபிறகு ரத்தம் நிறுத்தத்தான் படிகாரம் என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த குறை கோணம். வெட்டிவிடுமோ என்ற பயத்தில் கத்தியைக் கன்னத்தோடு படுக்க வைத்து இழுத்திருக்கிறேன். அப்படிச் செய்தால் வாய் முடியைக் கடிக்காமல் இழுக்கும். பயம் போய் நிமிர்த்திப் பிடித்தால் தோலைச் சுரண்டும், கொஞ்சம் தவறினால் அறுக்கும். நடுவில் சுமார் 30 டிகிரி. அண்ணாச்சி டிகிரி எல்லாம் சொல்லவில்லை. "முதுகுக்கும் கன்னத்துக்கும் நடுவுல, இந்த முதுகு கனத்துக்கு ரெண்டு கத்தி போகணும்" என்றார். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன், அந்த 30ஐக் கொஞ்சம் தாண்டி வந்தது.

கல்லில் 16 டிகிரியை எஃகு பார்த்துக்கொண்டது. இந்த 30ஐப் பார்த்துக்கொள்ள யாரும் இல்லை. கன்னம் வளைந்து தாடையாகி, தாடை மடங்கிக் கழுத்தாகும்போது, ஒவ்வொரு நொடியும் மணிக்கட்டு அதைத் திருத்திக்கொண்டே வர வேண்டும். கிங் ஜில்லெட் கண்டுபிடித்தது மெல்லிய பிளேடை மட்டுமல்ல. அதை ஒரு தலைக்குள் இறுக்கி, தோலில் வைத்தால் கோணம் ஓரளவுக்குத் தானாக அமைகிற மாதிரி செய்தார். 1903ல் முதல் வருடம் விற்றது 51 ரேசரும் 168 பிளேடும்தான். அடுத்த வருடமே விற்பனை தொண்ணூறாயிரம் ரேசரைத் தாண்டியது. அதில் எனக்கு இப்போது ஆச்சரியமே இல்லை. கையின் வேலையை ஒரு உலோகத் துண்டு எடுத்துக்கொள்கிறது என்றால் யார்தான் வாங்க மாட்டார்கள்.

எப்படிப் பழகினீர்கள் என்று அண்ணாச்சியைக் கேட்டேன். மாமாவின் முழங்காலில் என்றார். முட்டியைச் சுற்றி வழிக்கத் தெரிந்தால் தாடையெல்லாம் தூசாம். மாமா என்ன ஆனார் என்று கேட்டதற்குச் சிரித்தார், பதில் வரவில்லை.

அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒரு பகுதி என்று வைத்துக்கொண்டேன். ஏப்ரலில் இரண்டு கன்னம் மட்டும். மற்ற இடத்துக்கு வழக்கமான ரேசர். வலது கன்னத்துக்கு வலது கை, இடதுக்கு இடது கை என்று சிலர் மாற்றிக்கொள்வார்கள். நான் முயன்று பார்த்துவிட்டு வலது கையையே மூக்குக்கு முன்னால் குறுக்கே கொண்டுபோகப் பழகினேன். கை கண்ணாடியை மறைக்கும், தலையைக் கொஞ்சம் திருப்பினால் சரியாகிவிடும்.

முடியின் வாட்டத்தைப் பார்த்து வைத்ததும் உதவியது. ஒருநாள் வளர்ந்த முள்ளில் விரலை எல்லாத் திசையிலும் ஓட்டிப் பார்த்தால் வழவழப்பாகப் போகும் திசை வாட்டம், சொரசொரப்பது எதிர்வாட்டம். என் கன்னத்தில் கீழ்நோக்கி. கழுத்தில் இடப்பக்கம் மேல்நோக்கி, வலப்பக்கம் காதை நோக்கிச் சாய்வாக. நாற்பது வருடம் என்னோடு இருக்கும் கழுத்து, இப்படி வளர்கிறது என்று இப்போதுதான் தெரியும். முதல் சுற்று எப்போதும் வாட்டத்தில்தான். இரண்டாவது சுற்று புதிதாக நுரை போட்டுக் குறுக்கே. எதிர்வாட்டத்தில் நான் போவதில்லை. அந்த வழவழப்புக்காக மறுநாள் கழுத்தெல்லாம் சிவப்புப் புள்ளியோடு ஆபீஸ் போக முடியாது.

மோவாய்தான் கடினம். கீழுதட்டைப் பல்லின் மேல் மடித்து இழுத்தால் மோவாய் சற்றுத் தட்டையாகும். அரை அங்குல இழுப்பாக, நிறுத்தி நிறுத்தி. நிறுத்தினால் கத்தியைத் தோலிலிருந்து நேராகத் தூக்கிவிட வேண்டும். பக்கவாட்டில் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் தக்காளி அறுக்கிற கதைதான். கத்தி வெட்டுவது அழுத்தத்தால் அல்ல, நீளவாட்டில் வழுக்குவதால். அழுத்தமும் வேண்டாம், பக்கத்து நகர்வும் வேண்டாம். கை தவறிக் கத்தி விழுந்தால் பிடிக்கப் போகவே கூடாது. விழட்டும், கத்தி போனால் 400 ரூபாய்.

நுரையைப் பற்றி ஒன்று. மும்பைக்குக் குழாயில் வருவது பாட்சா, தான்சா, வைதர்ணா ஏரித் தண்ணீர். பெரும்பாலும் மழைநீர், உப்பு குறைவு, சோப்பு நன்றாகப் பொங்கும். இதே சோப்பையும் பிரஷ்ஷையும் மே மாதம் ஊருக்கு எடுத்துப்போனேன். போர்வெல் தண்ணீரில் கால்சியம் சோப்போடு சேர்ந்து திட்டுத் திட்டாகத் திரிந்ததே தவிர நுரை நிற்கவில்லை. அன்றைக்கு நேர்ந்த இரண்டு வெட்டுக்கும் காரணம் கை அல்ல என்று சாதிப்பேன். மறுநாள் கேன் தண்ணீரில் நுரை போட்டதும் சரியானது. அதுபோல, முகத்தை வெந்நீரில் கழுவி இரண்டு மூன்று நிமிடம் முடியை ஊறவிடாமல் கத்தியை எடுப்பதில்லை. குளித்துவிட்டு வந்து செய்வது இன்னும் நல்லது.

ஜூனில் மழை பிடித்ததும் வேறு தொல்லை. இந்த எஃகு துருப்பிடிக்கும் எஃகு. மும்பை மழைக்காலத்தில் அப்பளமே ஒரு மணி நேரத்தில் நமுத்துவிடும், கத்தி எந்த மூலை. துடைத்து உடனே மடக்கி வைத்தால் கைப்பிடிக்குள் ஈரம் தங்கும். பஞ்சால் துடைத்து, வாரின் கித்தானில் பத்து இழுப்பு இழுத்து உலர்த்தி, தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு தடவி, திறந்தபடியே அரை மணி நேரம் அலமாரி மேல் தட்டில் விடுகிறேன். தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்தேன், நாளாக நாளாகப் பிசுக்காகிவிட்டது. குளியலறையில் வைப்பதே இல்லை.

ஜூலை நடுவில் முதல்முறையாக முழு முகமும் ரத்தமில்லாமல் முடிந்தது. 35 நிமிடம். மேலுதட்டின் இடது மூலையில் மட்டும் நாலு முள் மிச்சம், அங்கே இன்னும் தைரியம் வரவில்லை. சந்தோஷத்தில் கத்தியிலிருந்த நுரையைக் கழுவக் குழாயைத் திறந்தேன். எங்கள் குளியலறையில் ஒரு ஆள் திரும்பினால் முழங்கை சுவரில் இடிக்கும். டிங் என்று ஒரு சத்தம்.

குழாயின் மூக்கில் பட்டிருக்கிறது. லென்ஸில் பார்த்தால் நுனியிலிருந்து 8 மில்லிமீட்டர் தள்ளி, பிறைநிலா வடிவில் சின்னதாக ஒரு பொக்கை. ஜனவரியில் 1000 கல்லில் மூன்று மாலை உட்கார்ந்து எடுத்த பொக்கை இருந்ததே, ஏறக்குறைய அதே இடத்தில். முந்தைய சொந்தக்காரர் வீட்டிலும் குழாய் இருந்திருக்கும்.

இந்தத் தடவை கோபம் வரவில்லை. ஆழம் முந்தையதில் பாதிகூட இல்லை, ஒரே மாலையில் முடிந்துவிடும். சனிக்கிழமைக்குக் கல்லைச் சமப்படுத்தி வைத்திருக்கிறேன். இனிமேல் நுரையைக் குழாயில் கழுவப் போவதில்லை, தோள் துண்டில் துடைத்தால் போதும். ஆனாலும் பாதுகாப்புக்காகப் பழைய துண்டு ஒன்றைக் குழாயைச் சுற்றி இறுக்கிக் கட்டிவிட்டேன். காலையில் தண்ணீர் பிடிக்கப் போன அம்மா வாளியோடு திரும்பி வந்து நின்றார்.

"கொழாய்க்கு எதுக்குடா தலப்பா?"